நூற்றிலிருந்து ஏழு

"என் மூளையை அளக்க இவங்க யாரு? எத்தனை கம்பெனிக் கணக்கை அளந்தவன் நான்! வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

நரம்பு டாக்டரின் அறைக்குள் கால் வைத்ததுமே ஆடிட்டர் ஆரம்பித்துவிட்டார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"அப்பா, போன வாரம் பக்கத்துத் தெரு வீட்டுப் பூட்டுல நம்ம சாவியை விட்டுத் திருகிக்கிட்டிருந்தீங்க. வெளியே வந்த வீட்டுக்காரரையே 'யாருய்யா நீ'ன்னு விரட்டினீங்க" என்றாள் மகள்.

"எல்லா வீட்டுக் கதவுக்கும் பச்சை பெயின்ட் அடிச்சு வெச்சா? அது பெயின்டர் தப்பு."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சின்னச் சின்னக் கேள்விதான் சார். இப்பவே தெரிஞ்சா மருந்துல ஓரளவு கட்டுப்படுத்தலாம். தள்ளிப்போட்டா கஷ்டம்."

"கேள்வி கேட்டே ஆகணும்னா இவளைக் கேளுங்க." கட்டைவிரலால் மனைவியைக் காட்டினார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து மண்டு. வீட்டுல இவளுக்குப் பேரே அதுதான்."

மகளுக்குச் சுர்ரென்று ஏறியது. இன்றைக்காவது அம்மா நன்றாகத் திருப்பிக் கொடுப்பாள் என்று பார்த்தால், அவள் கைப்பையை மகள் மடியில் போட்டுவிட்டுப் போய் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கேளுங்க டாக்டர்."

"நூறுலேர்ந்து ஏழைக் கழிங்க. வர்றதுலேர்ந்து மறுபடி ஏழு. அப்படியே போய்க்கிட்டே இருங்க."

அம்மா மின்விசிறியைப் பார்த்தாள். விரலை மடக்கினாள்.

"தொண்ணூத்தி ரெண்டு."

"மூணுடி! தொண்ணூத்தி மூணு!" ஆடிட்டர் தொடையில் தட்டிக்கொண்டார்.

"குறுக்கே பேசாதீங்க. எண்பத்தி நாலு... எழுபத்தி ஆறு... அறுபத்தி எட்டு... அறுபது."

"பாத்தீங்களா டாக்டர்? ஆரம்பமே கோணல். நான் சொன்னா யாரு நம்பறா!" ஆடிட்டருக்கு முகமெல்லாம் பல். "நகரு, மண்டு. கழித்தல்னா என்னன்னு நான் காட்டறேன்."

அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"தொண்ணூத்தி மூணு. எண்பத்தி ஆறு." ஒவ்வொன்றுக்கும் மேஜையில் ஒரு தட்டு. "எண்பத்தி... எண்பத்தி ரெண்டு..."

தட்டிய கை அப்படியே நின்றது. டாக்டரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"எதைக் கழிக்கச் சொன்னீங்க?"

"பரவாயில்லை சார். அடுத்த கேள்விக்குப் போவோம்."

அதற்குப் பிறகு கேட்ட எல்லாவற்றுக்கும் முரண்டு பிடிக்காமல் பதில் சொன்னார். ரத்தம் எடுக்க நர்ஸ் கூப்பிட்டபோதும் மறுக்கவில்லை. வாசலில் நின்று, "இவளைவிட எனக்கு மார்க் அதிகம்தானே?" என்று மட்டும் கேட்டார். டாக்டர் தலையாட்ட, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

கதவு மூடியதுதான் தாமதம், மகள் வெடித்தாள்.

"ஏம்மா, வீட்டுல வாங்கறது போதாதுன்னு இங்கே வந்தும் மண்டுப் பட்டம் வாங்கணுமா? எனக்குப் பத்தாவது வரைக்கும் கணக்கு சொல்லிக்கொடுத்தது யாரு? அவரா? ஒரு பதில், ஒரே ஒரு பதில் சரியாச் சொல்லியிருந்தா அந்த வாயை அடைச்சிருக்கலாமே! சுயமரியாதைன்னு ஒண்ணு கிடையாதா உனக்கு?"

"கத்தாதே. ஆஸ்பத்திரி இது."

டாக்டர் தான் குறித்து வைத்ததைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏழைக் கழிக்கத் தெரியாதவங்க வாய்க்கு வந்த நம்பரைச் சொல்வாங்கம்மா. நீங்க ஒவ்வொரு தடவையும் எட்டைக் கழிச்சிருக்கீங்க. ஒரு இடத்துலகூடப் பிசகலை."

மகள் டாக்டரின் தாளை எட்டிப் பார்த்தாள்.

அம்மா தன் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் சரியாச் சொல்லியிருந்தா அந்த மனுஷன் இந்த நாற்காலியில உட்கார்ந்திருப்பாரா? என்கிட்டத் தோத்துடுவோம்னு பயந்து அப்பவே லிஃப்டுக்கு ஓடியிருப்பார். சுயமரியாதையைப் பத்தி நீ கவலைப்படாதே. அதை வீட்டுக்குப் போய் நான் வட்டியோட வசூல் பண்ணிக்கறேன்."

"சரிம்மா, தப்பாத்தான் சொல்லணும்னா கண்டபடி உளறியிருக்கலாமே. எதுக்கு மெனக்கெட்டு எட்டெட்டாக் கழிக்கணும்?"

அம்மா மூடிய கதவைப் பார்த்தாள்.

"அது உங்கப்பாவுக்கு நான் வெச்ச பரீட்சை. அடுத்தவங்க மறைச்சு வெச்ச தில்லுமுல்லைப் பிடிச்சே பேர் வாங்கினவர் அவர். பழைய ஆளா இருந்தா ரெண்டாவது நம்பர்லயே, 'ஏய், எட்டெட்டாக் கழிச்சு யாரை ஏமாத்தறே?'ன்னு என் காதைத் திருகியிருப்பார்."

வெளியே ஆடிட்டர் நர்ஸிடம், ஊசி குத்தும் முறையே தப்பு என்று வாதாடிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு அவர் கண்டுபிடிக்கலை, டாக்டர். நீங்க மருந்தை எழுதுங்க. துப்பினாலும், தட்டிவிட்டாலும், மூக்கைப் பிடிச்சு ஊட்டறது என் பாடு. அவ்வளவு சுலபமா அவரை நான் விட்டுட மாட்டேன். இந்த மண்டு இன்னும் ஒரு தடவையாவது அவர்கிட்ட மாட்டிக்கணும்!"