ஆடு கடித்த முகம்

ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருந்த சுவரொட்டிகளைப் பசையோடு கிழித்துத் தின்றுகொண்டிருந்தது ஓர் ஆடு. மின்கம்பத்தில் இருந்த காக்கை படபடவென்று இறங்கி வந்தது.

"அடேயப்பா, என்ன செஞ்சிருக்கே தெரியுமா? நடிகர் கண்ணு, வேட்பாளர் மூக்கு, கண்ணீர் அஞ்சலிக்காரர் மீசை. மூணும் சேர்ந்து புதுசா ஒரு முகம்."

ஆடு பின்னால் நகர்ந்து பார்த்தது. உண்மைதான். அதற்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"அந்தக் காதை மட்டும் தின்னுடாதே. நான் எல்லாரையும் கூட்டிட்டு வரேன்" என்று காக்கை பறந்தது.

அதற்குப் பிறகு ஆடு யோசித்து யோசித்து, நகத்தளவுதான் கடித்தது; வேறெங்கும் மேயப் போகவில்லை. பத்தாம் நாள் முகம் முடிந்தது. கூடியிருந்த காக்கைகள் கரைந்து தீர்த்தன.

"எப்படி இருக்கு?" என்றது ஆடு, நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடி.

காக்கை ஆட்டின் எலும்பு துருத்திய விலாவையே பார்த்தது.

"படத்தை விடு. இங்கே வரி வரியா இருக்கே, இந்தக் கோடெல்லாம் எப்படிப் போட்டே?"