மரங்கொத்தி

“அவன் மட்டும் என் கையில மாட்டட்டும், பல்லைப் பேத்துடறேன்!”

வீங்கிய கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருந்த போனில் கத்திக்கொண்டிருந்தான் அந்த ப்ரோக்ராமர். எங்கேயோ நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

அடிபட்ட வீக்கமல்ல அது. கடைவாய்ப் பல்லில் சொத்தை, உட்கார்ந்திருந்தது பல் டாக்டரின் வரவேற்பறை. கோபம் மட்டும் அசல்.

அவன் எழுதும் மருத்துவமனை மென்பொருள், எக்ஸ்ரே படங்களைத் திறக்க, யாரோ எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருந்த ஒரு லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, நம்பியிருந்தது. அந்த லைப்ரரியோ பாதுகாப்பில் ஓட்டை விழுந்த வேறொரு நிரலின் பழைய வெர்ஷனைக் கட்டிக்கொண்டு அழுதது. எந்த வெர்ஷன் வேண்டும் என்று சொல்லும் அதன் பேக்கேஜ் ஃபைலில் ஒரே ஒரு வரி மாறினால் போதும். மாற்றி அனுப்பியும் விட்டான். அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டிய லைப்ரரிக்காரர், ‘மரங்கொத்தி’ என்ற பெயரில் ஒளிந்திருக்கும் யாரோ, வாயே திறக்கவில்லை.

இன்று சாயங்காலத்துக்குள் வேலை முடியாவிட்டால் நாளை முதல் வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஏற்கெனவே மூக்கு நுனியில் கோபம் இருக்கிறவன். கேட்கவா வேண்டும்?

“வலியா, கோபமா?” என்று கேட்டபடி கையுறையை மாட்டினார் டாக்டரம்மா.

“ரெண்டும்தான் டாக்டர். எவனோ ஒரு சோம்பேறி, ஒரு வரியை மாத்தறதுக்கு உயிரை வாங்கறான். காலையில எல்லாரும் பாக்கற மாதிரி அவனோட இணையப் பக்கத்துலயே போய் வாய்க்கு வந்தபடி எழுதிட்டேன்.”

“ஒரு பல்லைப் பிடுங்கினாலே பக்கத்துப் பல்லு சாயுது. ஒரு வரியை மாத்தினா, அதை நம்பியிருக்கற மத்ததெல்லாம் நிக்குமான்னு சோதிச்சுப் பாக்க வேணாமா?”

“உங்களுக்கு அதெல்லாம் புரியாது டாக்டர். வேலைவெட்டி இல்லாதவன், வேற என்ன?”

டாக்டரம்மா சிரிஞ்சை எடுத்தார். மரத்துப்போக ஊசி போட்டார். வாய் மூடாமலிருக்க ரப்பர் கட்டையைச் செருகினார். மரக்கும்வரை ஓரமாக நின்று தன் போனைப் பார்த்தார். ஏதோ ஒன்றை இரண்டு தடவை படித்தார். முகம் சிவந்தது.

திரும்பி வந்து, பல்லைக் குடையும் மெஷினைக் கையில் எடுத்தார். அது ‘கிர்ர்’ என்று சீறியது.

“எல்லாத்தையும் சோதிச்சு முடிச்சாச்சு. உங்க வரியை இன்னைக்கு மத்தியானம் ஏத்துக்கறதாதான் இருந்தேன்.”

அவன் கண்கள் அகலமாக விரிந்தன. கட்டை செருகிய வாயிலிருந்து “ஆ... ஆ...” என்று மட்டும் வந்தது.

“மரங்கொத்தி நான்தான் தம்பி. யார் பல்லைப் பேக்கறதா எழுதியிருந்தீங்க?”