கொய்யாத் தோப்பு மெம்பர்

இரண்டு நாளாகக் குழந்தைவேலுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சேர்வராயன் கோயில் ரோட்டோரம் காளியாயிக்கு ஒரு கொய்யாத் தோப்பு. குரங்கை விரட்ட அவள் நட்டு வைத்த பொம்மையைப் பார்த்து, போகிற பஸ்ஸெல்லாம் சிரித்துக்கொண்டு போகிறது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, முறுக்கு மீசை, ரோட்டைப் பார்த்து உள்ளங்கை விரித்து நீட்டிய ஒரு கை. யாரோ அதைப் போட்டோ எடுத்து, 'நம்ம வார்டு மெம்பர்' என்று வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள்.

அந்த மெம்பர்தான் குழந்தைவேல். தேர்தலுக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்லை. மேடையில் எதிராளிகளை நக்கலடித்தே ஜெயித்த மனுஷன், தனக்கென்று வந்ததும் கொதித்துப் போனார்.

நேராக ஸ்டேஷனுக்குப் போய், காளியாயியைப் பிடித்து உள்ளே போடச் சொன்னார்.

புகார் எழுதும் ரைட்டர் ஞானசுந்தரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"கேலி பண்றதுக்கெல்லாம் உள்ள போட முடியாதுங்க. மானம் போச்சுன்னா நீங்க கோர்ட்டுக்குத்தான் போகோணும். அங்கயும் அந்தப் பொம்மை நீங்கதான்னு நீங்களேதான் நிரூபிக்கோணும். பரவால்லீங்களா?"

கோர்ட்டெல்லாம் வேண்டாம், அவளைக் கூப்பிட்டுச் சொன்னால் போதும் என்றார் குழந்தைவேல்.

காளியாயியை வரவழைத்துப் பேசினார்கள். அவள் மல்லுக்கு நிற்கவில்லை. யாரையும் நினைத்து வைக்கவில்லை, மெம்பர் எதை எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுகிறேன் என்றாள்.

முதல் நாள் கண்ணாடியை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். சிரிப்பு நிற்கவில்லை.

மறுநாள் மீசையை அழிக்கச் சொன்னார். அப்போதும் ஊர் மெம்பர் என்றுதான் சொன்னது.

மூன்றாம் நாள் சட்டையைக் கழற்றிச் சாக்கைச் சுற்ற வைத்தார். மெம்பர் சாக்கு கட்டியிருக்கிறார் என்று புதுப் போட்டோ வந்தது. குழந்தைவேலுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து சிரித்தாலே தன்னைத்தான் என்று தோன்றியது.

நான்காம் நாள் மனசு கேட்காமல் அந்த பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்தார். தோப்பு வந்தது, போனது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. "மெம்பர் பொம்மையக் காணமே" என்று ஜன்னலோரம் ஒருவர் தேடினார். பொம்மை அதே இடத்தில்தான் நின்றது.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, தோப்புக்குள் ஓடினார்.

"நொம்ப நன்றி காளியாயி. இன்னைக்கு நான் ஒண்ணுமே சொல்லலியே, நீயா என்னத்த மாத்துன?"

அவள் கொய்யாக் கூடையை இறக்கி வைத்தாள்.

"ரோட்டப் பாத்து நீட்டிக்கிட்டிருந்த கையை மடக்கிக் கட்டிப்போட்டனுங்க. அதுக்கப்புறம் ஒருத்தருக்கும் உங்கள அடையாளமே தெரியலீங்க."