நீர்நொச்சி

கணவனோடு நடக்கப் போன நாய் இரண்டு நாள் கழித்துத் தனியாகத் திரும்பியிருக்கிறது. அதன் கழுத்துப்பட்டையில் சிக்கியிருந்த கிளையைத் தாவரவியல் ஆசிரியை சமையலறை விளக்கடியில் திருப்பிப் பார்க்கிறாள். காம்புக்கு மூன்று இலை, அடிப்பக்கம் வெளுப்பு. கசக்கினால் நொச்சி வாசம். நாயின் வயிற்றிலிருந்து சேற்றுநீர் தரையில் சொட்டுகிறது. "வேலியோரத்து நொச்சிதானே அண்ணி? தோட்டங்கள்ல தேடிப் பாக்கட்டுமா?" என்கிறான் கொழுந்தன். வேலி நொச்சி என்றால் ஐந்து இலை இருக்கும். ஒன்றிலாவது ஐந்து இருக்காதா என்று அவள் காம்பு காம்பாகப் புரட்டுகிறாள். எல்லாம் மூன்றுதான். "இல்ல தம்பி, இது நீர்நொச்சி. இந்தப் பக்கத்துல சதுப்புக்குள்ளதான் இருக்கு," என்கிறாள். "படகுக்காரரைக் கூப்பிடுங்க." கொழுந்தன் போனை எடுக்கிறான். திறந்த வாசலில் யாருமில்லை. நாய் மட்டும் அந்தப் பக்கம் பார்த்து வாலாட்டுகிறது.