வாய்க்கும் மார்க் உண்டு

"உனக்குக் கை மட்டும்தான் இருக்கா, இல்ல வாயும் இருக்கா?"

போன தேர்வில் ரௌனி கேட்ட கேள்வி அது. சைமி அதற்கும் பதில் சொல்லவில்லை. கைக்கு முழு மார்க், வாய்க்குப் பூஜ்யம் என்று எழுதி, தேர்வாளர் ரௌனி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

இன்று மறுதேர்வு. கயானி நகரத்து மசாஜ் பள்ளியில் மூன்றாவது வாய்ப்பு என்பது கிடையாது. இன்றும் கோட்டை விட்டால் சைமி பழையபடி மீன் ஆலைக்குத்தான் போகவேண்டும். அங்கே யாரோடும் பேசவேண்டியதில்லை. மீன்களும் அதை எதிர்பார்ப்பதில்லை.

நாலு மாடி ஏறி வந்த ரௌனிக்கு இன்னும் மூச்சு வாங்கியது. நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னாள்: "இன்னைக்காவது பேசிடு பொண்ணே. படுத்திருக்கிறவங்களை ஒரு வார்த்தை கேக்காம அழுத்தினா அதுக்குப் பேரு மசாஜ் இல்ல, மாவு பிசையறது."

சைமி தலையாட்டினாள்.

"பார்த்தியா, அதுக்கும் தலையாட்டல்!"

அப்போது கதவு தட்டப்பட்டது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார். தொப்பியில் பனி ஒட்டியிருந்தது. தோளில் ஒரு பை.

"நான் வந்து..."

"வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்," என்றாள் ரௌனி. "பூட்ஸை அங்கயே விடுங்க. சட்டையைக் கழட்டிட்டுக் குப்புறப் படுத்துக்குங்க."

அவர் ரௌனியைப் பார்த்தார். மசாஜ் மேசையைப் பார்த்தார். பின்னால் திரும்பி, வந்த வழியையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பையைக் கீழே இறக்கினார். அது 'ணங்' என்றது.

"என்ன கூச்சம்? சானா நீராவிக் குளியல்ல ஒட்டுத்துணி இல்லாம பத்துப் பேரோட உக்காருவீங்க, இங்க சட்டையைக் கழட்ட யோசனையா?"

அதற்குமேல் அந்த மனிதரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு மேசையில் ஏறிப் படுத்து, முகத்தை அதற்கான துளைக்குள் புதைத்துக்கொண்டார்.

சைமி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரமாகக் குளியலறையில் நின்று ஒப்பித்த கேள்விகள் மடமடவென்று வந்து விழுந்தன.

"ரத்தக் கொதிப்பு இருக்கா?"

"ம்ஹூம்."

"எலும்பு ஏதாவது முறிஞ்சிருக்கா?"

"ம்ஹூம்."

"கர்ப்பமா இருக்கீங்களா?"

ரௌனிக்குப் புரையேறியது.  துளைக்குள்ளிருந்து, யோசித்துச் சொன்னதுபோல ஒரு "ம்ஹூம்" வந்தது.

சைமியின் முகம் கொதித்தது. அப்படியே ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் எண்ணெய் தொட்ட கை அந்த முதுகில் பட்டதும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. வலது தோளுக்குக் கீழே தசை கயிறுபோல முறுக்கிக்கொண்டு கிடந்தது. கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தேடிப் பிடித்து, மெதுவாக அழுத்தினாள்.

"அழுத்தம் போதுமா?"

"ம்."

"வலிக்குதா?"

"ம்."

இரண்டு 'ம்'மும் ஒரே மாதிரி இருந்தன. எதை நம்புவது? போன தடவை இந்த இடத்தில்தான் எதுவும் கேட்காமல் தொடர்ந்து அழுத்தி மாட்டிக்கொண்டாள். இந்த முறை கையை எடுக்காமல் குனிந்து கேட்டாள்.

"நிறுத்திடட்டுமா?"

"ம்ஹூம்! ம்ஹூம்!"

ரௌனி ஏதோ குறித்துக்கொண்டாள். சைமிக்குத் தைரியம் வந்துவிட்டது. கழுத்தைக் கேட்டாள், இடுப்பைக் கேட்டாள், குளிர்கிறதா என்று கேட்டுத் துண்டை இழுத்துப் போர்த்தினாள். கயிறு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கடைசியில் துளைக்குள்ளிருந்து லேசான குறட்டை கேட்டது.

எல்லாம் முடிந்தபிறகு அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் துளையின் விளிம்பு வட்டமாகப் பதிந்திருந்தது. எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாதவர்போல விழித்தபடி சட்டையை மாட்டினார்.

"உனக்கு வாய் இருக்கு, சந்தேகமே இல்ல," என்று சிரித்தாள் ரௌனி. "கொஞ்சம் அதிகமாவே இருக்கு." தேர்வுத் தாளை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தாள்.

படாரென்று கதவு திறந்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் தௌனோ மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றார்.

"ரௌனி, உங்க தேர்வுக்குப் படுக்க வந்த அம்மா அப்ப இருந்து கீழயே உக்காந்திருக்காங்க. முட்டி வலியாம், படி ஏற முடியாதாம். லிஃப்டைச் சரிபண்ண ஒருத்தர் மேல வந்தாரே, பார்த்தீங்களா?"

பேனா அந்தரத்தில் நின்றது. மூன்று பேரும் திரும்பினார்கள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவரின் காதுகள் மெல்லச் சிவந்தன.

"ஏங்க," என்றாள் ரௌனி, "அந்த ஆள் நான் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவர் தன் கம்பளிக் காலுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என் தேர்வு?"

கேட்டது சைமிதான். அவள் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று அவளுக்கே தெரியாது.

ரௌனி அவளைப் பார்த்தாள், அந்த மனிதரைப் பார்த்தாள். பேனாவைத் தாளுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"இவருக்கு ஏதாவது குறை இருந்தா இப்பவே வாயைத் திறந்து சொல்லட்டும். சொல்லிட்டா நீ ஃபெயில்."

 அவர் தொப்பியைத் தலையில் வைத்தார், பூட்ஸை மாட்டினார், பையைத் தூக்கிக்கொண்டார். கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டார்.