வீட்டில் போன உயிர்

"எனக்க அப்பாவ வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டேன். யாரு வந்து சொன்னாலும் சரி!"

ஐசியூ வாசலில் கிருஷ்ணப்ரியா போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

சித்தப்பாவுக்கு வந்ததே கோபம்!

"ஏட்டி, கூறுகெட்டவளே! அண்ணனுக்க உயிரு இந்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல போச்சுன்னா ஒடம்ப நடைக்குள்ள ஏத்த முடியுமா? நம்ம குடும்பத்துல அந்த வழக்கம் உண்டா? பாத்துப் பாத்துக் கட்டுன வீடு. முற்றத்துலயே போட்டு, அங்கேயே குளிப்பாட்டி, அப்படியே சுடுகாட்டுக்கு எடுக்கச் சொல்லுகியா?"

"சாவப் பத்தியே பேசுகியளே சித்தப்பா! காலைல நான் கூப்பிட்டதும் கண்ணத் தொறந்தாரு. எனக்க விரலப் பிடிச்சாரு."

"கடைசி நேரத்துல எல்லாருக்கும் அப்படி ஒரு தெளிவு வரும் மக்கா."

"படிச்ச திமிரு, வேறென்ன?" என்று பின்னாலிருந்து ஒரு சொந்தம் எடுத்துக் கொடுத்தது.

அவளுடைய அண்ணன் நிதின் மஸ்கட்டிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தான். யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

உள்ளே படுத்திருந்த தாணுலிங்கத்துக்கு நேற்று இரண்டு தடவை இதயம் நின்றிருந்தது. இரண்டு தடவையும் நெஞ்சில் ஷாக் வைத்து மீட்டிருந்தார்கள். மூன்றாவது தடவை நின்றால் இங்கே ஆளும் மெஷினும் இருக்கிறது, வீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் கிருஷ்ணப்ரியாவின் கேள்வி. அந்தக் கூட்டத்தில் யார் காதில் விழும்?

சத்தம் கேட்டுப் பெரிய டாக்டரே வெளியே வந்தார். ஆஸ்பத்திரி அவருடையது. நேராகக் கிருஷ்ணப்ரியாவிடம் வந்து தலையில் கை வைத்தார்.

"அழாதம்மா. நானும் இந்த ஊர்க்காரன்தான். உங்க வழக்கமெல்லாம் எனக்குத் தெரியாதா? அப்பாவுக்கு இதயம் மறுபடியும் நிக்கும். நின்னா நாங்க நெஞ்சுல ஏறி அமுக்கணும். எலும்பு ஒடியும். பெத்த பிள்ளை நீ, அதைப் பாத்துத் தாங்குவியா? வீட்டுல, உங்க அம்மை கையால ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு நிம்மதியா போகட்டுமே."

"பிழைக்கவே மாட்டாரா டாக்டர்?"

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "அதெல்லாம் மேல இருக்கவன் கையிலம்மா."

நிதினுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டான். "போதும் பிரியா. அவரே சொல்லியாச்சில்லா. கொண்டு போயிருவோம்."

அவ்வளவுதான். அவள் ஒருத்தி என்ன செய்வாள், பாவம்!

ஆம்புலன்ஸ் வரைக்கும் டாக்டர் கூடவே நடந்து வந்தார். தலையணையைத் தன் கையால் சரிசெய்தார். வண்டி வாடகை ஒரு பைசா வாங்கக்கூடாது என்று டிரைவரிடம் கண்டிப்பாகச் சொன்னார். சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

"இந்தக் காலத்துல இப்படியும் ஒரு டாக்டரா! தெய்வம் சார் நீங்க."

வீட்டுக் கூடமான பட்டாசலில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். மனைவி அழகியநாயகி துளசித் தண்ணீர் விட்டாள். தாணுலிங்கம் இரண்டு மடக்குக் குடித்தார். மகளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாயங்காலம், மூச்சு சட்டென்று நின்றது.

கிருஷ்ணப்ரியா பாய்ந்து போய் அப்பாவின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அமுக்கினாள். சரியாகத்தான் செய்கிறோமா என்றுகூடத் தெரியாது. "அப்பா, அப்பா" என்று அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"விடுட்டி! போற உயிர நிம்மதியா போக விடு!" சித்தப்பா அவளைப் பிடித்து இழுத்துத் தூரத் தள்ளினார்.

பட்டாசலிலேயே குளிப்பாட்டி, பட்டுக் கட்டி, நிறைய மாலை போட்டு, எல்லாம் முறைப்படி நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் டாக்டரின் நல்ல மனசைத்தான் பேசினார்கள்.

பதினாறு முடிந்ததும் சித்தப்பாவும் நிதினும் ஒரு செந்துளுவன் வாழைக்குலையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஒரே கொண்டாட்டம். வாசலில் பெரிய பேனர்: 'எங்கள் மருத்துவமனையில் இதயம் நின்றவர்களில் உயிர் பிழைப்போர் விகிதம் மூன்றாவது ஆண்டாக உயர்வு! மாவட்டத்திலேயே முதலிடம்!'

"நல்ல மனசுக்கு ஆண்டவன் கொடுக்கான் பாத்தியா," என்றார் சித்தப்பா.

டாக்டர் இருவரையும் அறைக்குள் உட்கார வைத்து ஆறுதல் சொல்லி, குலையையும் வாங்கிக்கொண்டு அனுப்பினார். அவர்கள் போனதும் ஐசியூ நர்ஸ் பெபிஷா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், ரெண்டு தடவையும் ஷாக் வச்ச உடனே அவருக்குத் துடிப்பு வந்துச்சே. இங்கேயே வச்சிருந்தா பிழைச்சிருப்பாரோ?"

டாக்டர் குலையிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து உரித்தார்.

"பிழைச்சிருக்கலாம், பாதிக்குப் பாதி. ஆனா அந்த மாதிரி ஆளுங்க எல்லாம் இங்க சாகாம வீட்டுல போய்ச் செத்ததாலதான் பெபிஷா, வெளிய அந்தப் பேனர் தொங்குது!"