ஒரே ஒரு சுத்தமான வீடு

“குழாயில குத்தம் இல்லம்மா. உங்க குடத்துலதான் குத்தம்.”

தண்ணீர் இன்ஜினியர் ஆனந்தகுமார் இப்படிச் சொன்னது தொண்ணூற்று மூன்றிலா நான்கிலா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வார்த்தைகூட ஒன்றிரண்டு முன்பின்னாக இருக்கலாம். பங்குனிப் பொங்கல் முடிந்த வெயில் என்பதும், அருப்புக்கோட்டைக் கிணத்தடித் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு அவருடைய ஜீப்பைச் சுற்றி நின்றார்கள் என்பதும் மட்டும் நிச்சயம்.

முன்னால் நின்றவள் மாரிக்கனி. அவளுடைய மகள் சத்யபிரியா மஞ்சள்காமாலையில் படுத்துக் கிடந்தாள். தெருவில் அது மூன்றாவது பிள்ளை. சாக்கடைக்குள் ஓடும் பழைய இரும்புக் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டு, மேட்டில் புதுக் குழாய் போட வேண்டும். மாரிக்கனி கேட்டது அது ஒன்றைத்தான்.

“தண்ணி தெறந்துவிட்டதும் மொதக் குடம் சாக்கடை நாத்தம் நாறுது சார். வந்து மோந்து பாருங்க.”

“நானும் அடுத்த தெருவுலதான் குடியிருக்கேன். இதே லைன், இதே தண்ணி. எனக்கு நாறலையே? ஒரு ஃபில்டர் வாங்கி வைங்கம்மா. எங்க வீட்டுல மூணு கேண்டில் போட்டது இருக்கு. தண்ணி பளிங்கு மாதிரி வரும்.”

“அப்படி எடுத்துச் சொல்லுங்க சார்” என்றார் பாத்திரக்கடை சௌந்தரபாண்டியன். உள்ளே வெள்ளைப் பீங்கான் கேண்டில் வைத்துத் தண்ணீரை வடிகட்டும் எவர்சில்வர் ஃபில்டர்களைக் கடைவாசலில் அடுக்கி வைத்திருந்தார். “ரெண்டு கேண்டில் போதுமா, மூணு வேணுமான்னு இன்னும் யோசிச்சுக்கிட்டே இருக்காக.”

“நாங்க சாக்கடையைக் குடிச்சாத்தான அண்ணாச்சி உங்களுக்கு யாவாரம்” என்றாள் மாரிக்கனி.

பெண்கள் சிரித்தார்கள். சௌந்தரபாண்டியன் துண்டை எடுத்து, ஏற்கெனவே பளபளத்த ஒரு ஃபில்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

“எங்க வீட்டுலயும் ஃபில்டர் இருக்கு சார். பிள்ளை அந்தத் தண்ணியைத்தான் குடிச்சா. வெள்ளைக் கேண்டிலு ஒரு வாரத்துல கருப்பட்டி நெறத்துக்கு வந்துருது.”

“தேய்க்கணும். பிரஷ் போட்டு வாராவாரம் தேய்க்கணும். வாங்கி வச்சுட்டா ஆச்சா?”

“தேய்க்கத்தான் செய்றோம்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க. அதுக்காக நான் ரோட்டைத் தோண்ட முடியுமா?”

காலையில் மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி, “அம்மா, தண்ணி” என்று கேட்டாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான். ஆனாலும் சொம்பை நீட்டுவதற்கு மாரிக்கனிக்குக் கை வரவில்லை. அது நினைவுக்கு வந்தது. இடுப்பில் இருந்த ஒயர்கூடையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“சரி சார். சுத்தபத்தமா இருக்கிற ஒரு வீட்டுக் கேண்டிலு பழுப்பா இருந்தா, குழாயிலதான் குத்தம்னு ஒத்துக்கிடுவீகளா?”

“ஒரே ஒரு சுத்தமான வீடு காட்டுங்க. நாளைக்கே ஆளை விட்டுத் தோண்டச் சொல்றேன்.”

“அண்ணாச்சி, கேட்டுக்கிட்டீகளா?”

“கேட்டேன், கேட்டேன்” என்றார் சௌந்தரபாண்டியன். குரலில் உற்சாகம் இல்லை.

மாரிக்கனி கூடையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு கேண்டில். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது மேலே துருப்பிடித்த பழுப்பு, அடியில் கறுத்த வழவழப்பு. இன்ஜினியர் அதை இரண்டு விரலால் வாங்கினார்.

முக்கில் பந்தல்குடி பஸ் ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போனது. கேண்டிலின் சாக்கடை வாடை மெல்லப் பரவியது.

“இதுதான் சுத்தமான வீடா?” கேண்டிலை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார் ஆனந்தகுமார். “தேய்க்கிற லட்சணத்தைப் பாருங்க. இந்த வீட்டுப் பொம்பளை ஒரு வருஷமா இதைத் தொட்டிருக்கவே மாட்டா. டி.வி. பாக்கவே நேரம் சரியா இருக்கும்.”

“போன வெள்ளிக்கிழமைதான் தேச்சாக சார்.”

“யாரு அவுக? அந்த மகராசியை முன்னால வரச் சொல்லுங்க. நாலு வார்த்தை கேக்கணும்.”

மாரிக்கனி திரும்பிப் பார்த்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. எல்லாருக்கும் பின்னால் நின்றிருந்த ஒருத்தி, இடுப்பில் குடத்தோடு முன்னால் வந்தாள்.

“நான்தாங்க” என்றாள் இன்ஜினியரின் மனைவி பிருந்தா. “வீட்டுல காட்டினா, உனக்குத் தேய்க்கத் தெரியலைன்னு சொல்றீங்க. அதான் காலையில கழட்டி இவுக கையில குடுத்து விட்டேன். கேக்க வேண்டிய நாலு வார்த்தையை இங்கேயே கேட்டுருங்க.”

மறுநாள் தோண்டினார்கள்; பழைய குழாயில் விரல் நுழைகிற ஓட்டை இருந்தது, புதுக் குழாய் மேட்டில் போனது. சத்யபிரியா பள்ளிக்கூடம் திறந்ததும் புத்தகப் பையோடு போனாள். சௌந்தரபாண்டியன் ஃபில்டர்களை உள்ளே எடுத்து வைத்துவிட்டு வாசலில் குடங்களை அடுக்கினார். ஆனந்தகுமார் மாற்றலாகிப் போகும்வரை, வெள்ளிக்கிழமைதோறும் தன் வீட்டுக் கேண்டிலை அவரே தேய்த்தார். தேய்க்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.